உடற்காவலரைக் கண்ட இலியா மெச்னிக்கோவ்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சூடேறுவதும், இரண்டொரு நாளிற் சீழ் கட்டுவதும் நாம் யாவரும் அறிந்தனவே. சீழைக் கண்டு முகஞ் சுளிக்கிறோம். முள்ளை வாங்கி மருந்திட்டுக் கட்டிய பின் அதனை மறந்தும் விடுகிறோம். ஆனால் அச்சீழ் என்பது யாது? அஃது எங்கிருந்து வந்தது? நம்மை வருத்த வந்ததா, காக்க வந்ததா? இவ்வினாவிற்கு விடை காண்பதிலே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவர் ஒருவர். அவர் மருத்துவர் அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்த விலங்கியலறிஞர். இலியா மெச்னிக்கோவ் என்னும் அப்பெரியாரின் வரலாறு விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கு மட்டுமன்றி, வாழ்விற் சோர்வுற்ற எவர்க்கும் பயன் தருவதாகும். ஏனெனில், தம் உயிரை இருமுறை வேண்டாமென வெறுத்த ஒருவரே, உயிர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறையினை உலகிற்கு எடுத்துக் காட்டினார்.

இளமையும் கல்வியும்

மெச்னிக்கோவ் 1845ஆம் ஆண்டு மே மாதத்தில், அக்காலத்து உருசியப் பேரரசின் பகுதியாயிருந்ததும் இன்று உக்ரெயின் நாட்டைச் சேர்ந்ததுமான கார்கோவ் நகருக்கு அணித்தாகவுள்ள இவானோவ்கா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பேரரசரின் மெய்காவற் படையில் அதிகாரியாயிருந்தவர். தாயார் யூத குலத்து எழுத்தாளர் ஒருவரின் மகளார். மக்கள் ஐவருள் இவரே கடைக்குட்டி.

தமையனார் ஒருவருக்குப் பாடஞ் சொல்லவென வீட்டிற்கு வந்த இளைஞர் செடி கொடிகளிலும் பூச்சி புழுக்களிலும் ஆர்வமுடையவர். அவரோடு வயல் வெளியெங்கும் திரிந்த சிறுவனுக்கும் அவ்வார்வம் தொற்றிக்கொண்டது. தான் அறிந்தவற்றைப் பிறர்க்குச் சொல்லாதிருக்க முடியாத இயல்பும் உடன் வளர்ந்தது. கேட்பதற்குப் பிள்ளைகள் இணங்காதபோது, தன் கைச்செலவுப் பணத்தை அவர்களுக்குக் கொடுத்து இருத்தி வைத்துச் சொற்பொழிவாற்றுவானாம். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைப் படித்துப் புன்முறுவல் பூப்பர்.

கார்கோவ்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளிற் பயிலவேண்டிய பாடங்களை இரண்டே ஆண்டுகளில் முடித்து, 1864இல், தமது பத்தொன்பதாவது வயதிற் பட்டம் பெற்றார். அதன்பின் ஜேர்மனிக்குச் சென்று எல்கோலாந்துத் தீவிலே கடலுயிர்களை ஆராய்ந்தார். 1865இல் கீசன் நகரில் தரைவாழ் தட்டைப்புழு ஒன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கிக்கொண்டிருந்தபோது, அதன் உடற்கலங்கள் உணவுத் துணிக்கைகளைத் தம்முள் விழுங்கி அங்கேயே சமிபாடு செய்வதைக் கண்டார். அன்று அது சிறிய செய்தி. பதினேழாண்டுகள் கழித்து அதன் பெறுமதி விளங்கிற்று.

அதே ஆண்டு நேப்பிள்ஸ் நகரிலே கொவலெவ்ஸ்கி என்னும் நண்பரோடு சேர்ந்து, முள்ளந்தண்டிலிகளின் முளையங்கள் வளரும் முறையை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக்காக இருவரும் 1867இல் பேயர் பரிசினைப் பகிர்ந்து பெற்றனர். அவ்வாண்டே ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. அவர்முன் அமர்ந்திருந்த மாணவருட் சிலர் அவரினும் மூத்தவர். 1870இல் அங்கேயே விலங்கியற் பேராசிரியராக அமர்ந்தார்.

துயரம் சூழ்ந்த ஆண்டுகள்

புகழ் விரைந்து வந்தது, இன்பமோ வரவில்லை. 1869இல் லுட்மிலா என்னும் மங்கையை மணந்தார். மணநாளன்றே அப்பெண் கசநோயால் நலிவுற்றிருந்தார். தேவாலயத்திற்கு நடந்து செல்லவும் வலிமையின்றி, நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். கொடிய குளிருக்கு அஞ்சி மனைவியைச் சூடான நாடுகளுக்கு அழைத்துச் சென்றும், மருத்துவச் செலவுக்காக இராப்பகலாக உழைத்துக் கண்ணொளி மங்கியும், அவர் பட்ட பாடு வீணாயிற்று. 1873இல் மதெய்ராத் தீவில் லுட்மிலா இறந்தார். மெச்னிக்கோவ் மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், ஆயினும் பிழைத்துக்கொண்டார்.

அந்நாட்களில் ஜெனீவா நகரத்துப் பாலத்தின்மேல் நின்றபோது, விளக்கைச் சூழ்ந்து பறந்த ஈசல் போன்ற பூச்சிகளை அவர் கண்டாரென்றும், சில மணி நேரமே வாழும் இவற்றிற்கு இயற்கைத் தேர்வுக் கோட்பாடு எங்ஙனம் பொருந்துமென எண்ணத் தொடங்கினாரென்றும், அவ்வெண்ணமே அவரை மீண்டும் வாழ்வின்பக்கம் திருப்பிற்றென்றும் கூறுவர். ஆராய்வார்க்கு ஒரு வினாவே ஊன்றுகோலாதல் உண்டு.

1875இல் ஒல்கா என்னும் பெண்ணை மறுமணம் புரிந்தார். அவ்வம்மையார் ஓவியமும் சிற்பமும் கற்றவர். ஆய்வுகூடத்திலே கணவருக்குத் துணை நின்றவர். பின்னாளில் அவரது வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர். 1880இல் ஒல்காவை நெருப்புக் காய்ச்சல் வாட்டியது. பல்கலைக்கழகத்திலோ அரசியற் பூசல்கள் மலிந்தன. 1881இல் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்ட பின்னர் நிலைமை மேலும் சீர்கெட்டது. மனச்சோர்வு மீண்டும் மேலிடவே, மீள்காய்ச்சல் என்னும் நோய் குருதியினாற் பரவுமா என்று அறிவதற்கெனக் கூறி, நோயாளியின் குருதியைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். சாக நேர்ந்தாலும் அறிவியலுக்குப் பயனாகட்டும் என்பதே உட்கிடை. கடும் நோயுற்றும் இம்முறையும் அவர் இறக்கவில்லை. 1882இல் பதவியைத் துறந்து, பெற்றோரை இழந்த ஒல்காவின் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு, இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மெசீனா நகருக்குச் சென்றார்.

மெசீனாக் கடற்கரையில்

மெசீனாவில் அவர்கள் குடியிருந்த வீடு கடலை நோக்கியிருந்தது. 1882இன் இறுதியில் ஒருநாள், வித்தை காட்டும் குரங்குகளைக் காண வீட்டார் யாவரும் சென்றுவிட, மெச்னிக்கோவ் மட்டும் நுணுக்குக்காட்டியின் முன் தனித்திருந்தார். அவர் நோக்கியது உடுமீன் ஒன்றின் குடம்பி. அஃது கண்ணாடி போல் ஒளி புகும் உடலுடையதாதலின், உயிரோடிருக்கும்போதே அதன் உள்ளே நடப்பவற்றைக் காணலாம். அவ்வுடலினுள்ளே சில கலங்கள் எவ்விடத்தும் நில்லாது ஊர்ந்து திரிந்தன. அவற்றைக் கண்டவாறிருக்கையில் அவருள்ளத்திலே ஒரு வினா மின்னிற்று: இவை உணவை மட்டுந்தானா விழுங்கும்? உடலினுட் புகும் பகையையும் விழுங்கிக் காவாவோ?

அவ்வாறாயின், இக்குடம்பியின் உடலிலே முள்ளொன்று புகுந்தால் ஊர்ந்து திரியுங் கலங்கள் அதனைச் சூழ்ந்துகொள்ளல் வேண்டும். இருக்கை கொள்ளாது அறையிலே உலாவினார். கடற்கரைக்குச் சென்று எண்ணத்தை ஒருமுகப்படுத்தினார். பின் வீட்டுத் தோட்டத்து ரோசாச் செடியிலிருந்து சில முட்களைப் பறித்து வந்து குடம்பிகளின் தோலின்கீழ்ச் செலுத்தினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் நோக்கியபோது, முள்ளைச் சுற்றிலும் கலங்கள் திரண்டு மொய்த்திருந்தன.

இதன் சிறப்பை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். காயம்பட்ட இடத்தில் வெண்குருதிக் கலங்கள் குருதிக் குழாய்களை ஊடுருவி வெளியேறுகின்றன என்பதை ஜேர்மனிய அறிஞர் கோன்கைம் 1867இலேயே காட்டியிருந்தார். ஆயினும் அழற்சி என்பது குருதிக் குழாய்களின் கேடு என்றே மருத்துவர் கருதினர். வெண்கலங்களினுள்ளே நோய்க்கிருமிகள் காணப்பட்டபோதும், கலங்கள் அவற்றைச் சுமந்து உடலெங்கும் பரப்புகின்றன என்றே பலர் எண்ணினர். காவலரையே கள்வரின் கூட்டாளிகள் எனக் கொண்டதை ஒக்கும் இது. குடம்பிக்கோ குருதிக் குழாயே இல்லை. குழாய் இல்லாத உடலிலும் கலங்கள் பகையைச் சூழ்கின்றன என்றால், அழற்சியின் உயிர்நாடி குழாயன்று, கலமே என்பது தேற்றம். அழற்சி என்பது உடலின் நோயன்று. நோயோடு உடல் செய்யும் போர்.

1883இல் மெசீனாவுக்கு வந்த பேரறிஞர் விர்க்கோ இவற்றைக் கண்டு மகிழ்ந்து, மருத்துவ உலகம் இதற்கு மாறான கொள்கையுடையதாதலின் கவனமாகச் செல்லுமாறு அறிவுறுத்தினார். வியன்னாவில் விலங்கியற் பேராசிரியர் கிளவுசு இக்கலங்களுக்குக் கிரேக்க மொழியிற் பெயர் அமைத்துக் கொடுத்தார். உண்ணுதலைக் குறிக்கும் சொல்லும், உட்குழிவான கலத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது அப்பெயர். தமிழில் இவற்றைத் தின்குழியங்கள் என்கிறோம். மூலச் சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே தாங்கிய நல்ல ஆக்கம் அது.

நீர்த்தெள்ளு உணர்த்திய பாடம்

முள் உயிரற்றது. உயிருள்ள பகையோடு தின்குழியங்கள் பொருதுமா என்பது அடுத்த வினா. இதற்கு விடை குளத்து நீரிற் கிடைத்தது. நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை மதுவம் போன்றதொரு பூஞ்சணம் பற்றுவதுண்டு. ஊசி போன்ற அதன் வித்திகள் உணவோடு உட்சென்று, குடற்சுவரைத் துளைத்து உடற்குழியினுட் புகும். புகுந்தவுடன் தின்குழியங்கள் அவற்றைப் பற்றிச் சிதைத்து அழிப்பதை மெச்னிக்கோவ் கண்டார். கலங்கள் வென்றால் நீர்த்தெள்ளு பிழைக்கும். வித்திகள் மிகுந்து அவற்றிலொன்று முளைத்துப் பெருகிவிட்டால் கலங்கள் கரைந்தழியும், தெள்ளும் இறக்கும். நோயும் நலமும் இவ்விரு படைகளின் வலிமையைப் பொறுத்தன என்பது கண்முன்னே தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சி 1884இல் வெளிவந்தது.

பின்னர் முயல் முதலிய விலங்குகளில் அந்திராக்சு நோய்க்கிருமியைக் கொண்டு சோதித்தார். நோய் தடுக்கப்பெற்ற விலங்கில் வெண்கலங்கள் கிருமிகளை விழுங்குவதையும், தடுக்கப்பெறாத விலங்கில் அவ்வாறு விழுங்குதல் அரிதாதலையும் கண்டார். விழுங்குங் கலங்கள் இருவகைப்படும் என வகுத்துப் பெருந்தின்குழியம், சிறுதின்குழியம் எனப் பெயரிட்டார். அவற்றின் தொழில் பகையை அழித்தல் மட்டுமன்று என்பதும் அவர் கண்டதே. வாற்பேத்தை தவளையாக மாறும்போது வாலின் திசுக்களைத் தின்குழியங்கள் உண்டு அகற்றுகின்றன. எனவே வீட்டைக் காப்பவரும் இவரே, வீட்டைத் துப்புரவு செய்பவரும் இவரே.

ஒடெசாவும் பாரிசும்

பாஸ்டர் விசர்நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட பின்னர், 1886இல் ஒடெசாவில் பற்றீரியவியல் நிலையம் ஒன்று நிறுவப்பட்டு மெச்னிக்கோவ் அதன் தலைவரானார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவரென உள்ளூர் மருத்துவர் எதிர்த்தனர். போதாக்குறைக்கு, அவர் அங்கில்லாத வேளையில் நிலையத்தார் இட்ட அந்திராக்சுத் தடுப்பு மருந்தினால் ஆயிரக்கணக்கான ஆடுகள் மாண்டன. இச்சூழலில் ஆராய்ச்சி நடவாதென உணர்ந்து புகலிடம் தேடினார். பேர்லினில் கொக் அவருடைய சான்றுகளைப் பார்த்தும் நம்பவில்லை. பாரிசில் முதுமையுற்றிருந்த பாஸ்டரோ முகமலர்ந்து வரவேற்றார். 1888இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தில் மெச்னிக்கோவுக்கென ஆய்வுகூடம் ஒதுக்கப்பட்டது. அன்று தொடக்கம் இறக்கும்வரை அதுவே அவர் வீடாயிற்று; 1904இல் அதன் உபதலைவராகவும் ஆனார்.

பல நாட்டு இளைஞர் அவரைத் தேடி வந்தனர். ஒடெசாவில் அவரிடம் பயின்ற ஆப்கின் என்பவரும் அவருள் ஒருவர். ஆப்கின் பாரிசில் வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து கண்டு, 1893இல் இந்தியா சென்று கல்கத்தாவில் அதனைப் பயன்படுத்தினார்; 1897இல் பம்பாயிற் கொள்ளைநோய்க்கும் மருந்து ஆக்கினார். மெசீனாவில் முளைத்த எண்ணத்தின் கிளையொன்று இங்ஙனம் எம் அயலிலும் நிழல் தந்தது.

இரு கட்சியார் வாதம்

இக்காலத்தில் வலிய எதிர்ப்பு எழுந்தது. 1890இல் பேரிங்கும் யப்பானியரான கிட்டசாட்டோவும், ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதியின் நீர்ப்பாயத்திலே உண்டு என நிறுவினர். ஜேர்மனிய அறிஞர் பலர், காப்பது கலமன்று, நீரே என்றனர். 1894இல் பைவர், வாந்திபேதிக் கிருமிகள் கலங்களின் துணையின்றியே விலங்கின் உடலிற் கரைவதைக் காட்டினார். ஒவ்வொரு தாக்குதலுக்கும் மெச்னிக்கோவ் புதிய சோதனைகளால் விடையிறுத்தார். இருபதாண்டுகள் நீடித்த இவ்வாதத்தில் அவர் சிலவேளை கனன்று பேசியதும் உண்டு.

எனினும் ஒரு செய்தி அவருடைய பெருந்தன்மையைக் காட்டும். அவருடைய ஆய்வுகூடத்திலேயே பணியாற்றிய பெல்ஜிய இளைஞர் போர்டே, நீர்ப்பாயத்தின் கிருமியழிக்கும் ஆற்றல் இருவகைப் பொருள்களின் கூட்டினால் விளைவதென 1895இல் கண்டார். இஃது எதிர்க்கட்சிக்கு வலுவூட்டுவது. ஆயினும் ஆசிரியர் மாணாக்கரைத் தடுத்திலர். போர்டே தம் வழியே சென்று, 1919ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார்.

வாதம் தீர வழி கண்டவர்கள் இலண்டனைச் சேர்ந்த றைட்டும் டக்லசும் ஆவர். நீர்ப்பாயத்திலுள்ள ஒரு பொருள் கிருமியின்மேற் படிந்தால் தின்குழியம் அக்கிருமியை விருப்போடு விழுங்கும் என்பதை அவர்கள் 1903இற் கண்டனர். அப்பொருளுக்கு இட்ட பெயர், அப்பத்தோடு சேர்த்துண்ணும் தொடுகறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. எம் வழக்கிற் கூறின், கறியின்றி இறங்காத சோறு கறியோடு இறங்குதல் போன்றது அது. நீரும் கலமும் பகைவரல்லர், துணைவர் என்பது புலனாயிற்று. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு, கலக் கட்சியின் மெச்னிக்கோவுக்கும் நீர்க் கட்சியின் ஏளிக்கிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது பொருத்தமே. அதே ஆண்டு டிசெம்பரில் மெசீனா நகரம் நிலநடுக்கத்தால் இடிந்து பாழாயிற்று. உடுமீன் குடம்பி உணர்த்திய உண்மையோ நிலைத்துவிட்டது.

முதுமையும் தயிரும்

முதுமை பற்றிய ஆராய்ச்சியே அவருடைய பிற்கால வேட்கை. இத்துறைக்கு இன்று மேனாட்டில் வழங்கும் பெயரை 1903இல் ஆக்கியவரும் அவரே. இளமையிற் காவல் புரிந்த பெருந்தின்குழியங்களே முதுமையில் நெறி பிறழ்ந்து மூளைக்கலம் முதலிய உயர்ந்த கலங்களை உண்கின்றன என்றும், பெருங்குடலிலுள்ள பற்றீரியங்களின் நஞ்சே அதற்குத் தூண்டுகோல் என்றும் அவர் கருதினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர் தயிரை மிகுதியும் உண்டு நெடுநாள் வாழ்கின்றனர் எனக் கேள்வியுற்று, தாமும் நாடோறும் புளித்த பாலை உண்டார். அவர் சொல்லைக் கேட்ட ஐரோப்பாவெங்கும் தயிர் மோகம் பரவிற்று. தயிரினால் ஆயுள் நீளும் என்பது நிறுவப்படவில்லை. ஆனால் குடல்வாழ் நுண்ணங்கிகளுக்கும் காவற்கலங்களின் நடத்தைக்கும் நெருங்கிய தொடர்புண்டு என்பது இன்று தெளிவு.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. ஆய்வுகூடத்து இளைஞர் போர்முனைக்குச் செல்ல, கூடம் வெறிச்சோடிற்று. இதயநோயால் நலிந்த மெச்னிக்கோவ் தம் நோயின் போக்கையே நாடோறும் குறித்து வந்தார். தாம் இறந்தபின் உடலைத் திறந்து குடலைக் கவனமாக ஆராயுமாறு நண்பர் ஒருவரை வேண்டினார். இளமையில் இறப்பை நாடியவர் முதுமையில் வாழ்வை நேசித்தார். இறப்பையும் ஒரு சோதனையாகவே கொண்டார். 1916 யூலை மாதத்தில், எழுபத்தொரு வயதில், பாரிசில் மறைந்தார். அவருடைய சாம்பர் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஒடெசாப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குப் பின்

அவர் மறைந்தபின் நெடுங்காலம் அறிஞர் கவனம் நீர்ப்பாயத்துப் பிறபொருளெதிரிகளின்பாற் சென்றது. தின்குழியம் மறக்கப்பட்டது போலாயிற்று. நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மீண்டும் மேடையேறிற்று. 1973இல் ஸ்ரைன்மன் என்பவர் கிளைகள் பரப்பிய ஒருவகைக் காவற்கலத்தைக் கண்டார். பகை இன்னதென ஏனைய கலங்களுக்கு அறிவிக்கும் தூதுவன் அது. பிறப்பிலேயே அமைந்த காவற்கலம் பகையை எங்ஙனம் இனங்காண்கிறது என்ற வினாவிற்கு, 1996இல் கொவ்மன் பழ ஈயிலும், 1998இல் போய்ட்லர் சுண்டெலியிலும் விடை கண்டனர். கிருமிகளுக்கே உரிய சில பொருள்களை உணரும் வாங்கிகள் உண்டு என்பதே அவ்விடை. இம்மூவர்க்கும் 2011இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. உடுமீன் குடம்பியைப் போலவே, இங்கும் வழிகாட்டியது ஒரு சிற்றுயிர் என்பதை நோக்குக.

காவலன் விழித்திருந்தாற் போதாது. எப்போது அடங்குவது என்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். கிருமிகளின் தாக்குதலுக்கு அளவு கடந்து கிளர்ந்த காவற்கலங்கள், காக்க வந்த உடலையே வீழ்த்துவதுண்டு. நாடிகளின் சுவரிற் கொழுப்பை விழுங்கிக் குவியும் பெருந்தின்குழியங்கள் மாரடைப்புக்கு வழிகோலும். இவற்றுக்கு மாறாக, போர் முடிந்த களத்தில் மாண்ட சிறுதின்குழியங்களைப் பெருந்தின்குழியங்கள் விழுங்கும்போது, அவ்விழுங்குதலே அவற்றைச் சாந்தப்படுத்தி, ஆற்றும் பொருள்களைச் சுரக்கச் செய்கிறது. புண் ஆறத் தொடங்குகிறது. இக்கட்டுப்பாட்டின் இரகசியத்தை அறிவதே இன்றைய ஆராய்ச்சியாளரின் பெருமுயற்சி. காவற்கலம் நெறி பிறழ்தலும் உண்டு என மெச்னிக்கோவ் முதுமையிற் கொண்ட ஐயம், அவர் கூறிய வடிவில் முற்றும் பொருந்தாவிடினும், அடிப்படையிற் பொய்க்கவில்லை.

மாணவர்காள், பெரிய கண்டுபிடிப்புக்குப் பெருங்கூடமும் பெரும்பொருளும் இன்றியமையாதன என எண்ணற்க. மெசீனாவில் அவரிடம் இருந்தவை ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு குடம்பி, ஒரு ரோசா முள் ஆகிய இவையே. அவற்றோடு பதினேழாண்டுகளாகச் சேர்த்து வைத்த கூர்ந்த நோக்கும், விடாது துரத்திய ஒரு வினாவும் இருந்தன. வாழ்விலே துயர் வந்து தாக்குங்கால் அவர் வரலாற்றை நினையுங்கள். அவர் உள்ளம் சோர்ந்து வாழ்வைக் கைவிட்ட வேளையிலும், அவர் உடலினுள் எண்ணற்ற காவலர் சோராது அவருக்காகப் பொருதுகொண்டிருந்தனர். அதனை அவர் அன்று அறியார், பின்னர் அறிந்தார், அறிந்ததை உலகிற்கு அளித்தார். நம் ஒவ்வொருவர் உடலிலும் அக்காவலர் இப்பொழுதும் விழித்திருக்கின்றனர்.